லைன்ல காத்து

"இன்னிக்கு வண்டி நகராது போலிருக்கேம்மா" என்றார் டீசல் அண்ணன், பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அண்ணே இது? காலையில நல்லாத்தானே ஓடிச்சு? என் ரெண்டு கண்ணால பார்த்தேனே!"

"மனுஷனே காலையில நல்லா இருக்கான், மத்தியானம் படுத்துக்கிறான். இது இரும்புதானேம்மா."

டீசல் அண்ணன் எங்கள் எதிர் வீடு. தனிக்கட்டை. பக்கத்தில் போனாலே டீசல் வாடை, அதனால் அந்தப் பேர். தெருவில் யார் சாமான் ஏற்றினாலும் அவர் பிக்கப்தான்.

இன்று வண்டி கேட்டது எங்கள் கீழ் வீட்டுப் பெண். தையல் மெஷின், ரெண்டு பெட்டி. புருஷனோடு சண்டை, அம்மா வீட்டுக்கு. ஒரேயடியாக.

"மெஷின் சத்தத்துல தூக்கம் கெடுதாம் அக்கா. ஜன்னலோரம் இருந்ததைத் தூக்கி நடையில போட்டுட்டார். ஏன்னு கேட்டா, 'இது என் வீடு, எங்க வேணா வைப்பேன்'கிறார். 'என் வீடு'! அப்போ நான் யாரு, வழி தவறி வந்தவளா?"

நியாயமான கேள்வி. நானே வரிந்து கட்டிக்கொண்டு போய் வண்டி சொன்னேன். "அதுக்கென்ன, சாமானை வாசலுக்குக் கொண்டாங்க" என்று தலையாட்டியவர்தான் இவர். கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பினால் பானட் திறந்திருக்கிறது!

அவளும் மெஷினும் நடுத்தெருவில். அவள் புருஷன் வாசற்படியில், கண் போனில், காது மட்டும் இந்தப் பக்கம்.

"நான் வேற வண்டிக்குச் சொல்றேன்" என்று போனை எடுத்தேன்.

"ஐயையோ, பொறுங்கம்மா! டீசல் லைன்ல காத்து ஏறிடுச்சு, அவ்வளவுதான். ஒருத்தர் பம்ப் அடிச்சுக் காத்தை வெளியேத்தணும், ஒருத்தர் சாவி போடணும்."

"சாவி நான் போடறேன்."

"நீங்க அடுப்புல பால் வெச்சிருப்பீங்க, போய்ப் பாருங்க" என்று என்னைக் கழற்றிவிட்டு, அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். பிறகு வாசற்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"தம்பி! எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிச்சு. வந்து இந்தப் பம்பை அடிங்க. சீக்கிரம் அடிச்சா, தங்கச்சி சீக்கிரம் கிளம்பிடும்."

அவன் விறைப்பாக வந்தான். வெள்ளைச் சட்டை. ஃபில்டர் தலையில் இருந்த பித்தான் மாதிரிப் பம்பை அழுத்த ஆரம்பித்தான்.

"இப்போ சாவி போடச் சொல்லுங்க" என்றான், அண்ணனிடம்.

"பம்ப் ஒழுங்கா அடிச்சாச்சான்னு கேளுங்க" என்றாள், அதே அண்ணனிடம்.

"நான் என்ன தபால்காரனா? எனக்குக் காது வேற மந்தம். நேராப் பேசிக்குங்க" என்றார் அவர். காது மந்தமாம்! அடுத்த தெருவில் ஹாரன் அடித்தால் யார் வண்டி என்று சொல்கிற மனுஷன்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, "போடு" என்றான்.

வண்டி இருமியது. செத்தது.

"அடிங்க."

"அடிக்கிறேன்ல! போடு."

இருமியது. செத்தது.

"கை வலிக்குதா?" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே.

"பரவாயில்ல."

டீசல் அண்ணன் ஸ்பேனரோடு குனிந்து எதையோ திருகினார். "இப்போ ஓங்கி அடிங்க தம்பி!"

ஓங்கி அடித்தான். சர்ரென்று பீய்ச்சிய டீசல் அவன் மூக்கு, மீசை, வெள்ளைச் சட்டை எல்லாவற்றையும் நனைத்தது. வாயில் போனதைத் தூ தூ என்று துப்பினான்.

சீட்டிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. இறங்கி ஓடிவந்து துண்டால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண் கலங்கினாள்.

"எரியுதா?"

"எரியுது." அவன் கண்ணை இறுக மூடியபடியே கேட்டான். "நம்ம வீட்ல சோப்பு இருக்கா?"

அவள் கை நின்றது.

"யார் வீட்ல?"

"நம்ம வீட்ல" என்றான். "'என் வீடு'ன்னது தப்புதான், வாயில வந்துடுச்சு. நீ போயிட்டா அது எனக்கும் வீடு இல்லடி."

இவ்வளவு பேசத் தெரிந்தவன் காலையிலேயே பேசியிருக்கக் கூடாதா?

கொஞ்ச நேரத்தில் மெஷின் உள்ளே போனது. அவன்தான் தூக்கினான். ஜன்னலோரம் அதைப் போட்டு இழுக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது.

டீசல் அண்ணன் ஒரே ஒரு ஸ்க்ரூவை முடுக்கினார். நாலு தரம் பம்ப் அடித்தார். உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்.

வண்டி குதிரை மாதிரிக் கிளம்பியது.

"அண்ணே! அப்போ வண்டிக்கு ஒண்ணுமே இல்லையா?"

"நீங்க சாமான் எடுக்கப் போனப்போ நான்தாம்மா அந்த ஸ்க்ரூவை லூஸ் பண்ணேன்."

"அடப்பாவி மனுஷா! நான் வேற வண்டியே கூப்பிட்டிருப்பேன். இந்தக் கூத்தெல்லாம் எதுக்கு?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே தன் வீட்டைப் பார்த்தார். கொடியில் ஒற்றைச் சட்டை ஆடிக்கொண்டிருந்தது.

"என் வீட்டுக்காரி கோவிச்சுக்கிட்டுக் கிளம்பின அன்னிக்கு, நான்தாம்மா வண்டி எடுத்தேன். ஒரே சாவியில ஸ்டார்ட் ஆயிடுச்சு."