சிக்கரி செத்த அத்தியாயம்

பக்கத்தைப் புரட்டியதும், அச்சில் இருப்பதை வாசிப்பதை அவள் நிறுத்திக்கொண்டாள்.

குரல் மட்டும் நிற்கவில்லை.

"மறுநாள் காலையில் சிக்கரி கடைக்கு வரவில்லை."

கட்டிலில் மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருந்தார். ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. மறு கண் முன்பே மங்கல். வாசிக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மனுஷனுக்குச் சிக்கரி கதை இல்லாமல் மத்தியானம் நகராது. கோபி பஸ் ஸ்டாண்டில் மாதாமாதம் வாங்குகிற நாவல். காபித்தூள் கடையில் வளரும் நாய் சிக்கரி. ஊரில் கொலை விழுந்தால் மோந்து பார்த்தே ஆளைப் பிடித்துவிடும். ரத்தம் இருக்காது, பயம் இருக்காது. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் சிக்கரியைக் கொஞ்சுவார்கள். அதைப் படித்து இவர் கண் கலங்குவார்.

கலங்குவாராம்.

இந்த வீட்டுப் புழக்கடையில் கிடந்த பொரி தெருநாய்தான். வாக்கப்பட்டு வந்த வீட்டில் அவளைக் கண்டு சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் அது. மத்தியானத்தில் குரைத்து இவருடைய தூக்கத்தைக் கெடுத்தது. அவ்வளவுதான் அது செய்த குற்றம்.

போன மாதம் செப்டிக் டேங்க் பக்கம் வாயில் நுரை தள்ளிக் கிடந்தது. உயிர் லேசில் போகவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். "கண்டதைத் தின்னிருக்கும்" என்று இவர் வாய் கூசாமல் சொன்னார். புருஷனும் தலையாட்டினான்.

தட்டில் சோறு போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாத மனுஷன், அன்றைக்கு மட்டும் தன் கையால் தயிர்சாதம் பிசைந்து புழக்கடைக்கு எடுத்துப் போனார்.

அவள் பார்த்தாள்.

கிழவருக்கும் பாசம் வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வர வேண்டும். அதற்குத்தான் இந்த வாசிப்பு.

"யாரோ தயிர்சாதம் வைத்திருந்தார்கள். தெரிந்த கை என்பதால் சிக்கரி மோந்து பார்க்கவில்லை. நம்பிச் சாப்பிட்டது."

மாமனாரின் விரல்கள் போர்வையைப் பிடித்தன.

"இந்தக் கதையில நாய் சாகாதே அம்மிணி."

உண்மைதான். பண்ணையார் சாகலாம், புதுமாப்பிள்ளை சாகலாம், தபால்காரர்கூடச் சாகலாம். நாய் சாகக் கூடாது. அதை நம்பித்தானே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

"இதுல செத்துப்போச்சுங்க மாமா."

அவள் விடவில்லை. நுரையை வாசித்தாள். இழுத்துக்கொண்ட பின்னங்கால்களை வாசித்தாள். தண்ணீர் இறங்காத தொண்டையை வாசித்தாள். சோறு வைத்தவர் கடைசியில் எட்டிப் பார்க்க வந்தபோது, அவரைப் பார்த்தும் அது வாலை ஆட்டியதை வாசித்தாள். அந்த இடத்தில் அவளுக்கே குரல் உடைந்தது. செருமிக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து அந்த வரியைச் சொன்னாள்.

மடியில் விரிந்திருந்த புத்தகத்தில் சிக்கரி வெயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

மாமனார் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பாதிக் கதையிலேயே கொலைகாரன் இவன்தான் என்று சொல்லி வீட்டையே படுத்துகிற மனுஷன். இன்றைக்குச் சோறு வைத்தது யாரென்றுகூடக் கேட்கவில்லை.

அவள் புத்தகத்தை மூடினாள். சொட்டு மருந்து போடும் நேரம். அவருடைய கண்ணாடியைக் கழற்றி, தலையைத் தலையணையில் சாய்த்து, சின்னக் குப்பியைக் கண்ணுக்கு மேலே கொண்டுபோனாள்.

தினமும் அவள் சொல்லாமலே திறக்கிற கண். இறுக மூடிக்கொண்டது.

"அம்மிணி... அது டாக்டர் குடுத்த மருந்துதானே?"

வந்துவிட்டது. இதற்கு மேல் அவர் என்ன சொல்ல வேண்டும்.

டாக்டர் கொடுத்த அதே மருந்துதான். அதை அவள் சொல்லவில்லை.

"நம்பித் தொறங்க மாமா."