சுத்த சைவமான ஒரு செல்

மைக்ராஸ்கோப்புகளுக்குக் கற்பூரம் காட்டி முடித்து, சுண்டலும் கொடுத்தாகிவிட்டது.

எல்லா மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். கண் வைக்கிற லென்ஸில்கூட யாரோ பக்தியோடு பொட்டு வைத்திருந்தார்கள். ஸ்வர்ணலதா முந்தானையால் ஒன்றை மட்டும் துடைத்தாள்.

அந்த மந்தைவெளிப் பள்ளியில் அவள் உயிரியல் ஆசிரியை. தற்காலிகம். மூன்று வருடமாகத் தற்காலிகம். நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் இன்றைக்கே பூஜை, இன்றைக்கே புது ஆய்வகத் திறப்பு விழா. விழா நல்லபடியாக முடிந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார். நல்லபடியாக என்றால், ஆய்வகத்தைக் கட்டிக்கொடுத்த தி. நகர் பாத்திரக்கடை தனபாலனின் மனம் குளிர வேண்டும். அவ்வளவுதான்.

வினை வெங்காய ரூபத்தில் வந்தது.

பிள்ளைகளுக்கு முதன்முதலில் காட்டுகிற செல் வெங்காயத் தோலில்தான். நவராத்திரியில் வெங்காயமா என்று தாளாளர் விஜயராகவன் பதறிப்போனார். சரி, கன்னத்தின் உள்பக்கம் லேசாகச் சுரண்டினாலும் செல் கிடைக்குமே என்றாள். எச்சிலா என்று முகத்தைச் சுளித்தார். சுத்த சைவமான செல்லாகப் பார்த்து வைக்கச் சொன்னார். துளசி விசேஷம் என்று முடிவும் அவரே செய்தார்.

அவர் சாதாரண ஆளில்லை. தாவரவியலில் முனைவர். பெயருக்கு முன்னால் டாக்டர் போடாத கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்.

துளசிக்கு இந்த விவரமெல்லாம் தெரியுமா? உரிக்க உரிக்கக் கிழிந்தது. ஸ்லைடில் பச்சையாக ஏதோ அப்பிக்கிடந்ததே தவிர, செல் என்று சொல்லும்படி எதுவும் தெரியவில்லை.

அதற்குள் வாசலில் நாதஸ்வரம் கேட்டுவிட்டது.

ஸ்வர்ணலதா பல் குத்தும் குச்சி ஒன்றையும் மெத்திலீன் நீலச் சாயப் புட்டியையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். வேறொரு ஸ்லைடோடு திரும்பி வந்தாள்.

தனபாலன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்தார். ஒரு கண்ணை மட்டும் மூட அவருக்கு வரவில்லை, கையால் பொத்திக்கொண்டார். முதலில் தன் இமைமயிரைப் பார்த்தே பயந்தார். பிறகு அசையாமல் நின்றார்.

வட்டத்துக்குள் நீலம் நீலமாக மிதந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி.

நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பெருமாள் நிறம். துளசிக்குள்ள அவர் இருக்காருன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க டீச்சரம்மா. இன்னைக்குத்தான் பாக்கேன்."

அது சாயத்தின் நிறம் என்று சொல்ல வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

அடுத்து தாளாளர் குனிந்தார். தனபாலனுக்கு இதெல்லாம் தெரிய நியாயமில்லை. இவருக்குத் தெரியும். இலையில் எடுத்த செல்லென்றால் செங்கல் அடுக்கியதுபோல் சுற்றிலும் சுவர் இருக்கும். வாயில் சுரண்டிய செல்லுக்குச் சுவரே கிடையாது. ஸ்லைடில் இருந்ததோ, ஓரம் மடங்கிய அப்பளங்கள். அவள் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

வேலை போயிற்று என்றே நினைத்தாள்.

தாளாளர் வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்து ஸ்வர்ணலதாவைப் பார்த்தார். தனபாலனின் கலங்கிய கண்களைப் பார்த்தார்.

துளசியேதான் என்றார். செல் சுவர் எத்தனை தெளிவாகத் தெரிகிறது என்று வியக்கவும் செய்தார்.

பொய் சொன்னாரா, நிஜமாகவே தெரியாதா என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. எதுவாக இருந்தால் என்ன, அவள் வேலை நிரந்தரம் என்பதை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் அறிவித்தார். அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷம்தான், கூடவே கொஞ்சம் வெட்கமும்.

தனபாலன் ஸ்லைடை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இது கண்டவர் கைபட்டுத் தீட்டாகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். தாளாளர் அதைப் பட்டுத்துணியில் ஏந்தி, தானே பள்ளியின் சாமி அறைக்குக் கொண்டுபோய், சரஸ்வதி படத்தின் காலடியில் வைத்தார்.

எல்லோரும் கலைந்தபின் ஸ்வர்ணலதா பின்பக்கம் போனாள்.

குழாயடியில் தேவானை சுண்டல் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளியைக் கூட்டிப் பெருக்குகிறவள். ஆற்றங்கரை வீட்டை இடித்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதிலிருந்து, இரண்டு பஸ் மாறி வெறும் வயிற்றோடு வேலைக்கு வருகிறாள்.

ஸ்வர்ணலதாவைப் பார்த்ததும் தேய்ப்பதை நிறுத்தினாள். கேட்கலாமா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கினாள்.

"டீச்சர், அப்போ என் வாயில குச்சி வுட்டு சொரண்டினு போனீங்களே. எதுனா நோவு கீதா?"

ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. முதலில் தன் வாயைத்தான் சுரண்டினாள். வந்ததெல்லாம் சுண்டல். ஆசிரியர்கள், பிள்ளைகள் எல்லோர் வாயும் அப்போது சுண்டலாகத்தான் இருந்தது. யாரும் எதுவும் கொடுக்காத வாய் அந்தப் பள்ளியில் ஒன்றே ஒன்றுதான்.

நோயெல்லாம் இல்லை, நன்றாகவே இருக்கிறது என்று சொன்னாள். உன் வாயில் எடுத்ததைச் சாமி அறையில் வைத்துக் கும்பிடுகிறார்கள் என்றும் சொல்லிவிட்டாள். தேவானை சிரிப்பாள் என்று நினைத்தாள்.

சாமி அறையை வாசற்படி வரைக்கும்தான் தேவானை பெருக்கலாம். அவள் முகம் வெளிறிவிட்டது. ஈரக் கையோடு எழுந்து நின்றாள்.

"சத்தியமா நான் படி தாண்டல டீச்சர். ஐயாகிட்ட சொல்லிடாதீங்க."