மரகதத்தின் ஒரே ஒரு 'ஆ'

கச்சேரி தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. மேடையில் கீபோர்டை இறக்கி வைத்த இசக்கிமுத்துவிடம், அதை வாசிக்கிற டைட்டஸ் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணாச்சி, மெமரில இடமில்ல. புது சவுண்டு ஏத்தணும். அக்கா குரல இன்னைக்கு அழிக்கப் போறேன்."

இசக்கிமுத்துவின் மனைவி மரகதம் அதே இசைக்குழுவில் கோரஸ் பாடியவள்; அவள் இறந்து நாலு வருடமாகிறது. அவள் பாடிய ஒரே ஒரு 'ஆ' மட்டும் அந்தக் கீபோர்டுக்குள் பதிவாகி இருந்தது; எந்தக் கட்டையை அமுக்கினாலும் அதுவே அந்தந்தச் சுருதியில் ஒலிக்கும்.

"ஒருக்க அமுக்கிப் பாத்துக்கிடட்டுமா?"

"அமுக்குங்க. பாரந் தூக்குற கை, கட்டைய ஒடச்சிராதிய."

நடுக்கட்டையில் மரகதம் மரகதமாகவே இருந்தாள். வலப்பக்கம் போகப் போகக் குரல் மெலிந்து, அவன் பார்த்தேயிராத சிறுமியாகி, பாவாடை தடுக்க எங்கோ ஓடினாள். அவன் இடப்பக்கம் திரும்பினான். குரல் கனத்துக் கரகரத்தது. முப்பத்தெட்டில் போனவளுக்கு ஐம்பது வயதானது, பிறகு அறுபது. கடைசிக் கட்டையில் பல்லெல்லாம் போன கிழவியாக அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"போதும் அண்ணாச்சி, வெரல எடுங்க. ஆளுக வந்தாச்சு."

எடுத்தால் நின்றுவிடும். அவன் எடுக்கவில்லை. ஒலிபெருக்கியில் அது கேட்கக் கேட்க, மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள்.