சகாதேவனின் எடை

"ஒரு மனுஷன் திங்கட்கிழமை ஐம்பத்திரண்டு கிலோ. செவ்வாய்க்கிழமை எழுபத்தொன்று. புதன்கிழமை நாற்பத்தெட்டு. இது எப்படிம்மா?"

மெட்ராஸிலிருந்து கணக்குப் பார்க்க வந்த ஜலாலுதீன், கார்டை நர்ஸ் மேரியின் முன்னால் போட்டார். குடியை நிறுத்த மருந்து கொடுக்கும் அந்த நிலையத்தைப் பழவேற்காட்டில் திறந்து ஆறு மாதம். இருப்பதோ ஒரே கார்டு. தோணிரேவு கிராமத்து சகாதேவன், வயது ஐம்பது.

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் தினம் ஒரு வேற ஆளு வர்றாங்க. பேரு கேட்டா எல்லாரும் சகாதேவன்னுதான் சொல்றாங்க."

"அப்பா பேரு?"

"எல்லாருக்கும் சுப்பன்தான் சார்." மேரிக்கு அழுகை வந்துவிட்டது. "நானும் குழம்பிப் போய் ஒரே கார்டுல எழுதிட்டேன்."

ஜலாலுதீனுக்குத் தலை சுற்றியது. ஒரே ஆள் என்றால் நிலையத்தை மூடச் சொல்லி எழுத வேண்டும். ஐந்து ஆள் என்றால் தப்பாக எழுதியதற்கு மேரியின் வேலை போகும். எதை எழுதித் தொலைப்பது?

சகாதேவனுக்கு ஆள் அனுப்பினார்கள்.

வாசலில் நின்ற இரண்டு பேர், "குடிகார சகாதேவன் வர்றாம் பாரு" என்று சிரித்தார்கள். வந்தவர் ஒல்லி. மெஷினில் ஏற்றினால் நாற்பத்து நாலு. கார்டில் எந்தக் கிழமையிலும் இல்லாத எடை!

"யோவ், நீ யாருய்யா?" ஜலாலுதீன் கத்தியே விட்டார்.

"நான்தான் சார் சகாதேவன்."

"அப்ப இங்க வர்றவங்க?"

சகாதேவன் தலையைச் சொறிந்தார். "எங்க ஊரு ஆளுங்க சார். அஞ்சு பேரு வூட்லயும் கட்டிக்குடுக்கப் பொண்ணுங்க கீது. குடிகாரன்னு கவர்மென்ட் நோட்டுல பேரு ஏறிட்சுன்னா எவன் பொண்ணு கேட்டு வருவான்? எனக்குப் புள்ளகுட்டி கெடையாது. என் பேரைச் சொல்லிக்கங்கன்னேன். ஏரில பாடு வெச்சு, ஆளுக்கொரு நாளு முறை போட்டு வலை வுடறோமில்ல? அதுமாரி ஆளுக்கொரு கெழமை பிரிச்சுக் குடுத்தேன். மூணு பேரு சுத்தமா வுட்டுட்டாங்க சார். இத்த மூடிடாதீங்க."

ஜலாலுதீனின் குரல் தானாகத் தணிந்தது.

"அது சரி பெரியவரே. நீங்களும் ஒரு கிழமை வந்து குடியை விட்டிருக்கலாமே?"

"நானா?" சகாதேவன் திருதிருவென்று விழித்தார். "நான் அத்தத் தொட்டதே இல்லியே சார்!"