தொட்டியில் ஏறிய தண்ணீர்

கடலுக்கு எட்டாத மலையூரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் பயிரிடும் விக்னேஸ்வரியின் மகள் ரூபினி, கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகத்தில் கடல் அலைகளை ஆராய்கிறாள். நடுக்கடலில் நீண்ட அலை ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஆனால் அது வந்து போகும் நேரமும் துறைமுகத்து நீர் தானாக ஆடும் நேரமும் ஒன்றாகிவிட்டால், தள்ளத் தள்ள ஊஞ்சல் ஏறுவதுபோல் தண்ணீர் ஏறும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அவளுடைய துறைமுகத்துக்கு அந்த நேரம் பதினேழு நிமிடம்.

சனிக்கிழமை காலையில் காற்றே இல்லை. தோட்டத்துச் சிமெண்டுத் தொட்டியில் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கியது. விக்னேஸ்வரி கைப்பேசியில் நேரம் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பதினேழு நிமிடம். ஒவ்வொரு முறையும் ஒரு விரல் கூடுதல்.

மகளை அழைத்துச் சொன்னாள்.

“தொட்டித் தண்ணி ரெண்டு செகண்டுல ஆடி முடிச்சிரும்மா. பதினேழு நிமிஷம் வரவே வராது.”

“வருது லா. பாத்துக்கிட்டுதான் நிக்கிறேன்.”

ரூபினியின் கருவிகள் எதையும் காட்டவில்லை. இருந்தும் துறைமுகத்தில் இருந்த எல்லாரையும் மேட்டுக்கு ஏற்றினாள். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கடல் உள்ளே வந்தது. படகுகள் நொறுங்கின. நானூறு பேரில் ஒருவரும் சாகவில்லை.

எப்படித் தெரிந்தது என்று செய்தியாளர்கள் கேட்டார்கள்.

“எங்கம்மா சொன்னாங்க,” என்றாள்.

விக்னேஸ்வரி அதைத் தொலைக்காட்சியில் பார்த்தாள். மறுநாள் காய்கறி ஏற்ற வந்த லோரிக்காரர் வீரப்பனை நேரே தொட்டிக்கு அழைத்துப் போனாள். உட்சுவரில், நீர்மட்டத்துக்கு மேலே, கடல்சிப்பிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. வீரப்பன் ஒன்றைத் தொட்டார். அது மூடிக்கொண்டது.

“எம்மவ வேலை பாக்குற எடத்துல உள்ளதுண்ணே,” என்றாள் பெருமையாக.