சுவருக்கு சப்போர்ட்

"ரேடியேட்டர்ல தண்ணி ஒழுகுது. அதை மட்டும் அடைச்சுக் குடு. முன்பக்கத்தையே பிரிச்சு மேயாதே!" கார்க்காரர் எரிந்து விழுந்தார்.

மெக்கானிக் காதில் வாங்கவில்லை. புத்தம்புது பம்பரைக் கழற்றி இறக்கினான். அதன் பின்னால், ரேடியேட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டம் உள்ளே மடங்கிக் கிடந்தது.

"சப்போர்ட் போச்சு சார். எதுல இடிச்சீங்க?"

"சுவத்துல."

"சுவத்துல இடிச்சா இப்படி ஒரு இடத்துல மட்டும் குழியாதே சார்."

"நீ என்ன சுவத்துக்கு சப்போர்ட்டா? வாயை மூடிட்டு வேலையைப் பாரு."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டு போல்ட்டுகளைக் கழற்றினான். சட்டத்தை உருவி வெளிச்சத்தில் திருப்பியவன் அப்படியே நின்றான்.

"அந்தச் சுவரு என்ன கலர் சார்?"

"வெள்ளை. ஏன்?"

"இதுல கிளிப்பச்சை ஒட்டியிருக்கு. மிச்சமிருந்த மஞ்சளையும் நீலத்தையும் கலந்து நானே அடிச்ச கலர். ஒரே ஒரு ஸ்கூட்டருக்குத்தான் அடிச்சேன்."

கார்க்காரர் பெஞ்சின் மேல் கிடந்த கார் சாவிக்குக் கை நீட்டினார். மெக்கானிக் அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இடிச்சிட்டு நிக்காமப் போயிட்டீங்க. அந்த ஸ்கூட்டரை ஓட்டினவ கால் ஒடிஞ்சு மூணு வாரமா வீட்டுல படுத்திருக்கா. அந்தச் சுவத்தைக் கட்டினவன் நான்தான்."