ஆறு மணிச் சங்கு

"ஆறு மணிச் சங்கு ஊதினாலும் அந்த எச்.ஐ.வி. மாத்திரையை வெளிய எடுக்காத. பொண்ணு வீட்டுல பார்த்தா எல்லாம் கெட்டுப் போயிரும். வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் போட்டுக்கலாம்."

தெமோதரைக்குப் போகும் பஸ்ஸில் மகன் யோகநாதனின் காதைக் கடித்தாள் ராக்கம்மா.

"நேரம் தப்பக் கூடாதும்மா. கிருமி மாலை கட்டுற மாதிரி மணி மணியா கோர்த்துத்தான் பெருகுது. இந்த மாத்திரை போலி மணியா நடுவுல புகுந்துக்கும். அதுக்கு மேல அதால கோர்க்க முடியாது. நம்ம அசந்தா மறுபடி ஆரம்பிச்சிரும்."

"அதையெல்லாம் பொண்ணுகிட்ட சொல்லி வைக்காதடா!"

"சங்கு ஊதுற வரைக்கும் வாயே திறக்க மாட்டேன்" என்று சிரித்தான். இவனுக்குச் சிரிப்பு வேறு!

பெண் வீட்டில் தட்டு மாற்றப் போகிற நேரம் பார்த்துத் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. மகன் சட்டைப் பைக்குள் கையை விட்டான். ராக்கம்மாவுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அதற்குள் பெண் கௌசல்யா எழுந்து உள்ளே போனாள்.

"இப்ப எங்கடி போற?" என்று அவளுடைய அம்மா பதறினாள்.

திரும்பி வந்தவள் கையில் இரண்டு தம்ளர் தண்ணீர். ஒன்றை மாப்பிள்ளையிடம் நீட்டிவிட்டு, தன் உள்ளங்கையை விரித்தாள். அதே வெள்ளை மாத்திரை.

"கொழும்பு கிளினிக்குல ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுலதான் உட்காருவோம், அத்தை."

பெண்ணின் அம்மா வாயைப் பிளந்தாள். "உங்க மகனுக்குமா, சம்பந்தி?"

"முன்னாடியே சொல்லியிருந்தா பஸ்ஸுல நிம்மதியா தூங்கிட்டு வந்திருப்பேனே!" என்று சிரித்துக்கொண்டே ராக்கம்மா தட்டை எடுத்து நீட்டினாள்.